மரவள்ளிக் கிழங்கும் மறைவுப் போரும்

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மேல் ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குள் நுழைகிறவருக்கு இது டில்லிதானா என்ற சந்தேகம் வந்தால் வியப்பில்லை. முருங்கைக்காயும் வாழைத்தண்டும் ஒரு பக்கம். கறிவேப்பிலைக் கட்டும் காப்பிப் பொடியும் இன்னொரு பக்கம். சற்றுத் தள்ளி மீன் கடைகளின் வாடை. வாங்க வந்தவர் பழக்க தோஷத்தில் தமிழில் விலை கேட்டுவிட்டு, சட்டென்று இந்திக்கு மாறுவதும், அதற்குள் கடைக்காரர் தமிழிலேயே பதில் சொல்லிவிடுவதும் இங்கே சகஜம். கேரளக் கடைகளின் வாசலில் மண் ஒட்டிய மரவள்ளிக் கிழங்கு குவித்து வைக்கப்பட்டிருக்கும்.

பையை நிரப்பிக்கொண்டு பஸ்ஸுக்கும் மெட்ரோவுக்கும் ஓடுகிறவர்கள் அந்த மூன்று எழுத்துக்களைப் பற்றி யோசிப்பது அபூர்வம். ஐ.என்.ஏ. என்பது இந்திய தேசிய ராணுவம் என்பதன் ஆங்கிலச் சுருக்கம். சுற்றிலும் பார்த்தால் நேதாஜி நகர், லட்சுமிபாய் நகர், சரோஜினி நகர், கித்வாய் நகர் என்று விடுதலைப் போரின் பெயர்களாகவே இருக்கின்றன. பல தலைமுறைத் தமிழ் குமாஸ்தாக்கள் குடும்பம் நடத்திய சர்க்கார் குவார்ட்டர்ஸ்களில் பெரும் பகுதி இடிக்கப்பட்டு, அடுக்குமாடிகள் எழும்பிவிட்டன. பெயர்கள் மட்டும் அப்படியே இருக்கின்றன.

நேதாஜியின் படையில் மலாயாத் தோட்டங்களின் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்தார்கள் என்பது நம்மவர்களுக்கு ஓரளவு தெரிந்த செய்தி. அதே ஆண்டுகளில், அதே ஊர்களில், இன்னொரு போரும் நடந்தது. அதற்குச் சீருடை இல்லை, கொடி இல்லை, அணிவகுப்பும் இல்லை. ஜப்பானியர் பிடித்திருந்த நாட்டில், ஜப்பானியருக்கு எதிராக மறைந்திருந்து நடத்திய போர் அது. அதிலும் ஒரு தமிழ்க் குடும்பத்தின் பெயர் இருக்கிறது.

வாழைமர நோட்டு ராஜ்யம்

1941 டிசம்பர் 8-ஆம் தேதி ஜப்பானியப் படை மலாயாவின் கோத்தா பாருக் கடற்கரையில் இறங்கியது. பத்தே வாரங்களில், 1942 பிப்ரவரி 15 அன்று, சிங்கப்பூர் சரணடைந்தது. அதற்கு சியோனான் என்று புதுப் பெயர் சூட்டினார்கள். கடிகாரங்களை டோக்கியோ நேரத்துக்கு மாற்றச் சொன்னார்கள். புதிதாக அச்சடித்த பணத்தில் வாழைமரப் படம் இருந்ததால் ஜனங்கள் அதை வாழைமர நோட்டு என்றார்கள். அச்சுக்கு அளவில்லாமல் போகவே, வரவர அந்த நோட்டுக்கு மதிப்பும் இல்லாமல் போயிற்று. பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் வந்துகொண்டிருந்த அரிசி குறைந்தது. மூன்று வேளையும் மரவள்ளிக் கிழங்கு என்றாயிற்று. அந்தக் காலத்தில் மலாயாவில் இருந்துவிட்டு ஊர் திரும்பிய பெரியவர்களில் சிலர் பிற்காலத்தில் அந்தக் கிழங்கைத் தொடவே மறுத்தது ருசி பிடிக்காததால் அல்ல.

முதல் அடி சீனர்கள் மேல் விழுந்தது. சிங்கப்பூர் விழுந்த சில நாட்களிலேயே சீன ஆண்களை வரிசையாக நிறுத்திச் சல்லடை போட்டு, சந்தேகப்பட்டவர்களைக் கடற்கரைக்கு ஓட்டிச் சென்று சுட்டார்கள். பலியானவர்கள் ஜப்பானியர் கணக்கிலேயே சில ஆயிரம் பேர். சீனர்கள் சொல்லும் கணக்கு அதற்குப் பல மடங்கு. உயிர் தப்பிய இளைஞர்களில் பலர் காட்டுக்குள் போனார்கள். மலாயா மக்களின் ஜப்பானிய எதிர்ப்புப் படை என்ற கெரில்லாப் படை இப்படித்தான் பெருகியது. அதன் தலைமை கம்யூனிஸ்டுகளிடம் இருந்தது. ஆட்களில் மிகப் பெரும்பாலோர் சீனர்கள்.

தமிழர்கள் ஏன் அதிகம் சேரவில்லை என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ரப்பர் தோட்டத் தமிழனைப் பொறுத்தவரை, வெள்ளைத் துரை அவனை அம்போ என்று விட்டுவிட்டு ஓடிப்போயிருந்தான். அந்தத் துரை திரும்பி வருவதற்காக உயிரைக் கொடுக்க அவனுக்கு என்ன கடமை? அடுத்தாற்போல், 1942 பிப்ரவரி 17 அன்று சிங்கப்பூர் ஃபாரர் பூங்காவில் சரணடைந்த இந்தியச் சிப்பாய்களிடையே, மோகன் சிங் தலைமையில் இந்திய தேசிய ராணுவத்துக்கு வித்து ஊன்றப்பட்டது. 1943 ஜூலையில் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்த பிறகு அது தோட்டங்களுக்குள்ளும் புகுந்தது. சென்னையைச் சேர்ந்த டாக்டர் லட்சுமி சுவாமிநாதன் தலைமையில் ஜான்சி ராணிப் படை திரண்டது. அதில் தமிழ்ப் பெண்களே அதிகம். பால்வெட்டிய கைகளில் துப்பாக்கி வந்தது.

எல்லாரும் தேச பக்தியால் மட்டுமே சேர்ந்தார்கள் என்று சொல்வது அந்த ஜனங்கள் பட்ட பாட்டை மறைப்பதாகும். அப்போது சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட ஆள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். மூன்று மாத வேலை, நல்ல கூலி என்றார்கள். இலவச சினிமா என்று அழைத்துக் கதவைப் பூட்டி லாரியில் ஏற்றியதாகவும் சொல்வதுண்டு. 1942-ன் நடுவில் தொடங்கி 1943 அக்டோபரில் அந்தப் பாதை முடிவதற்குள், காலராவும் மலேரியாவும் பட்டினியும் அள்ளிக்கொண்டு போன ஆசியக் கூலிகள் சுமார் தொண்ணூறாயிரம் பேர் என்பது ஒரு மதிப்பீடு. அவர்களில் மலாயாத் தமிழர்கள் எத்தனை என்று எழுதி வைக்கக்கூட ஆள் இல்லை. சயாம் ரயிலுக்குப் போவதா, நேதாஜியின் படைக்குப் போவதா என்ற கேள்வி முன்னால் நின்றபோது, படையில் சேர்ந்த இளைஞன் நாட்டையும் காத்தான், தன்னையும் காத்துக்கொண்டான். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

பப்பான், கதவு எண் 74

பேராக் மாநிலத்தில் ஈப்போ பெரிய ஊர். அங்கே பிரூஸ்டர் ரோட்டில் மருத்துவமனை நடத்தி வந்தவர் டாக்டர் ஏ. சி. கார்த்திகேசு. யாழ்ப்பாணத் தமிழ் வழியில் வந்தவர்; கிறிஸ்தவர். அவர் மனைவி சிபில், சுமத்ராவின் மேடான் நகரில் 1899-ல் பிறந்த ஆங்கிலோ-ஆசியக் கலப்பினப் பெண்மணி. நர்ஸாகவும் மருத்துவச்சியாகவும் பயிற்சி பெற்றவர். காண்டனீஸ் சீனம் சரளமாகப் பேசுவார். ஈயச் சுரங்கக் கூலிகளின் மனைவிமார் நள்ளிரவில் கதவைத் தட்டினாலும் கிளம்பிப் போகிறவர் என்று ஊரில் பேர்.

ஜப்பானியர் ஈப்போவைப் பிடிப்பதற்குச் சில நாட்கள் முன்பாக இந்தக் குடும்பம் பக்கத்திலுள்ள பப்பான் என்ற சிற்றூருக்கு இடம் மாறியது. பிரதான வீதியில் 74-ஆம் எண் கடைவீடு. முன்னால் வைத்தியசாலை. ஜுரம், வயிற்றுப்போக்கு, பிரசவம் என்று பகலெல்லாம் கூட்டம். இரவானதும் வேறு நோயாளிகள் பின்புறமாக வருவார்கள். காட்டிலிருந்து இறங்கிய கெரில்லாக்கள்! குண்டு துளைத்த காயத்துக்கு மருந்து போட்டுக்கொண்டு, விடிவதற்குள் மலை ஏறிவிடுவார்கள். மருந்துகளும் போயின, ஜப்பானியர் நடமாட்டம் பற்றிய செய்திகளும் போயின.

வீட்டில் இன்னொரு ரகசியம் இருந்தது. ஒரு வானொலிப் பெட்டி. சிற்றலை கேட்பது அப்போது மன்னிக்க முடியாத குற்றம். அகப்பட்டால் சித்திரவதை, அதற்கு மேல் மரணம். சிபில் லண்டன் பி.பி.சி. செய்திகளை ஒளிந்திருந்து கேட்டு, நம்பகமானவர்களிடம் சொல்லி அனுப்புவார். இன்றைக்கு இது அற்பமாகத் தோன்றலாம். ஜப்பான் எல்லா முனைகளிலும் வென்றுகொண்டிருக்கிறது என்றே பத்திரிகையும் ஒலிபெருக்கியும் நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்த ஊரில், இல்லை, அவர்கள் தோற்கத் தொடங்கிவிட்டார்கள் என்று ஒருவர் காதில் சொன்னால், அது ஒரு மூட்டை அரிசி கிடைத்ததற்குச் சமம்.

1943-ல் குடும்பம் பிடிபட்டது. கணவர், மனைவி, வளர்ப்பு மகன் வில்லியம் எல்லாரும் கெம்பெய்தாய் எனப்படும் ஜப்பானிய ராணுவப் போலீஸ் கையில். கேட்டது ஒன்றுதான்: யார் யார் வந்தார்கள், பெயர்களைச் சொல். சிபிலை அடித்தார்கள், தண்ணீரைக் குடிக்க வைத்து வயிற்றில் மிதித்தார்கள், முதுகெலும்பு பாதிக்கப்பட்டு நடக்க முடியாமல் போயிற்று. கடைசியில் ஏழு வயதுக் கடைக்குட்டி டானைக் கொண்டுவந்து மரத்தில் கட்டித் தொங்கவிட்டு, கீழே நெருப்பு மூட்டத் தயாரானார்கள். தாய் அப்போதும் பெயர்களைச் சொல்லவில்லை. வேறொரு ஜப்பானிய அதிகாரி குறுக்கிட்டதால் குழந்தை பிழைத்தது. இந்த இடத்தில் படிக்கிறவர் மனம் இரண்டாகப் பிளக்கும். தாய் செய்தது சரியா என்று வாதாடுவோரும் உண்டு. ஒரு பெயர் வெளியே வந்திருந்தால் பப்பான் முழுவதும் என்ன ஆகியிருக்கும் என்பதையும் அவர்கள் சேர்த்துப் பார்க்க வேண்டும். சிபிலுக்கு ஆயுள் தண்டனை விதித்து பத்து காஜாச் சிறைக்கு அனுப்பினார்கள்.

இதற்கிடையே அதே ஈப்போவிலிருந்து, ரசம்மா என்ற பள்ளி மாணவி, சகோதரி பொன்னம்மாவுடன் ஜான்சி ராணிப் படையில் சேர்ந்து பர்மாவுக்குப் போனார். பிற்காலத்தில் மலேசியாவின் புகழ் பெற்ற கல்வியாளராகவும் பெண்ணுரிமைத் தலைவியாகவும் விளங்கிய ரசம்மா பூபாலன்தான் அவர். ஒரே ஊர், இரண்டு வீடுகள். ஒன்று ஜப்பானியருக்கு எதிராக மருந்து மூட்டை கட்டியது. இன்னொன்று ஜப்பானியர் உதவியுடன் பிரிட்டிஷாரை விரட்டப் பெண்களை அனுப்பியது. இந்த இரண்டில் எது துரோகம் என்று தராசு பிடிப்பது, அந்த ஊரில் அந்த ஆண்டில் வாழாதவர்களுக்கு எளிது.

பர்மாவில் ஆங் சான் இரண்டையும் ஒரே பிறவியில் செய்தார். ஜப்பானியரோடு சேர்ந்து படை திரட்டியவர், 1944-ல் ரகசியக் கூட்டணி அமைத்து, 1945 மார்ச் 27 அன்று அதே படையை ஜப்பானியர் மீது திருப்பினார். அவரை பர்மியர்கள் தேசத் தந்தை என்கிறார்கள்.

இரண்டு நீர்மூழ்கிகள்

மறைவு வேலை செய்யும் முறை எங்கும் ஒன்றுபோலவே இருந்தது. ஒருவருக்கு இரண்டு மூன்று பேருக்கு மேல் தெரியக் கூடாது. தெரிந்தவர்களின் பெயரும் நிஜப் பெயராக இருக்கக் கூடாது. அடித்துக் கேட்டாலும் தெரியாததைச் சொல்ல முடியாது அல்லவா? பிரான்ஸில் ஜெர்மானியருக்கு எதிராக இயங்கிய குழுக்கள் இப்படித்தான் அமைந்தன. அவற்றை ஒன்றுசேர்த்த ஜான் மூலான் 1943-ல் பிடிபட்டு, சித்திரவதையில் இறந்தார். பாரிஸிலிருந்து லண்டனுக்கு ரகசியமாகத் தந்தியடித்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் நம் நாட்டு வம்சம்: திப்பு சுல்தான் வழி வந்த நூர் இனாயத் கான். 1944 செப்டம்பர் 13 அன்று டாஹாவ் முகாமில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அவர் செய்தி அனுப்பியவர். சிபில் செய்தி கேட்டவர். இருவருக்கும் குற்றம் வானொலிதான்.

மலாயாக் காட்டுக்கும் வெளியிலிருந்து ஆள் வந்தது. 1943 மே மாதம் இலங்கையிலிருந்து கிளம்பிய ஒரு நேசநாட்டு நீர்மூழ்கிக் கப்பல், ஜான் டேவிஸ் என்ற முன்னாள் மலாயாப் போலீஸ் அதிகாரியையும் சில சீன உளவாளிகளையும் பேராக் கரையோரம் இறக்கிவிட்டது. அதே குழுவில் பின்னால் வந்து சேர்ந்த லிம் போ செங் என்ற சிங்கப்பூர் வியாபாரி 1944-ல் பிடிபட்டார். பெயர்களைச் சொல்லாமலே அந்த ஜூன் 29-ல் பத்து காஜாச் சிறையில் இறந்தார். ஆம், சிபில் அடைபட்டிருந்த அதே சிறை.

எதிர்த் திசையிலும் ஒரு நீர்மூழ்கி போயிற்று. 1942 செப்டம்பரில் பினாங்கில் பயிற்சி பெற்ற இந்திய இளைஞர்களை ஏற்றிக்கொண்டு போன ஜப்பானியக் கப்பல், மலபாரில் தானூர்க் கரைக்கு அருகே அவர்களை இறக்கியது. பிரிட்டிஷ் ஆட்சியை உள்ளிருந்து குலைப்பது அவர்கள் வேலை. இறங்கியவுடன் பிடிபட்டார்கள். வக்கம் அப்துல் காதர் உள்ளிட்ட நால்வரை 1943 செப்டம்பர் 10 அன்று சென்னைச் சிறையில் தூக்கிலிட்டார்கள். காதருக்கு வயது இருபத்தாறு. டேவிஸை வீரர் என்றும் காதரை ஒற்றர் என்றும் சொல்லும் சட்டம் ஒன்றுதான்: யார் கையில் சிறைச்சாவி இருக்கிறதோ அவர்களுடைய சட்டம்.

பத்துமலை அடிவாரத்தில்

மறைவு இயக்கத்துக்குப் பெரிய எதிரி வெளியே இல்லை. தைப்பூசக் காவடிக்குப் பெயர் பெற்ற பத்துமலைக்கு அருகே, 1942 செப்டம்பர் 1-ஆம் தேதி விடியற்காலை, கெரில்லாப் படையின் முக்கியத் தலைவர்கள் ரகசியக் கூட்டத்துக்குக் கூடியிருந்தார்கள். ஜப்பானியர் சுற்றி வளைத்துப் பலரைக் கொன்றார்கள். கூட்டத்துக்கு வந்திருக்க வேண்டிய ஒருவர் மட்டும் வரவில்லை. அவர் கட்சியின் பொதுச் செயலாளர் லாய் டெக். யுத்தத்துக்கு முன் பிரிட்டிஷாருக்கு ஒற்றர். யுத்தத்தில் ஜப்பானியருக்கு ஒற்றர். இது வெளியே வர ஐந்து ஆண்டுகள் ஆயின. 1947-ல் கட்சிப் பணத்துடன் அவர் தலைமறைவானார். முன்பின் தெரியாத சீனக் கெரில்லாவுக்காக ஒரு மருத்துவச்சி வாயைத் திறக்காமல் கிடந்தபோது, அவர்கள் தலைவரே அவர்களை விற்றுக்கொண்டிருந்தார்.

இந்தியாவுக்குள்ளேயே ஜப்பானியர் ஆண்ட பூமி அந்தமான். 1942 மார்ச் 23-ல் போர்ட் பிளேர் அவர்கள் வசமாயிற்று. அங்கே பழைய போலீஸ் அதிகாரி மெக்கார்த்தி 1943 தொடக்கத்தில் நீர்மூழ்கியில் வந்து ரகசியமாக இறங்கி வேவு பார்த்தார். தகவல் கசிவதை உணர்ந்த ஜப்பானியர், குற்றமற்ற ஊர்ஜனங்களைப் பிடித்துக் கட்டி வைத்து அடித்தார்கள். டாக்டர் திவான் சிங் இந்திய சுதந்திரச் சங்கத்திலேயே பொறுப்பில் இருந்தவர், அவரையும் விடவில்லை. 1943 டிசம்பர் 30 அன்று நேதாஜி போர்ட் பிளேரில் மூவர்ணக் கொடி ஏற்றியபோது, திவான் சிங் செல்லுலர் சிறைக்குள் குற்றுயிராகக் கிடந்தார். ஜனவரி 14-ல் இறந்தார். ஜனவரி 30-ல் ஹம்ஃப்ரிகஞ்சில் நாற்பத்து நான்கு இந்தியர்களைக் குழியருகே நிறுத்திச் சுட்டார்கள். சிறைக்குள் நடப்பது நேதாஜிக்குத் தெரியாதபடி ஜப்பானியர் பார்த்துக்கொண்டார்கள் என்பதே பலரது கருத்து. ஐ.என்.ஏ. வரலாற்றைப் பெருமையுடன் சொல்கிறவர்கள் இந்தப் பக்கத்தையும் புரட்டாமல் விடக் கூடாது.

ஆதாரம் எங்கே?

யுத்தம் முடிந்தது. 1945 நவம்பரில் டில்லி செங்கோட்டையில் ஐ.என்.ஏ. அதிகாரிகள் மீது விசாரணை தொடங்கியது, தேசமே கொதித்தது. மலாயாவில் கெரில்லாக்களுக்குப் பிரிட்டிஷார் பதக்கம் குத்தினார்கள். அவர்களில் சின் பெங் என்பவருக்கு ஓ.பி.இ. விருது. 1948-ல் அவசர நிலை வந்ததும் அதே சின் பெங் தலைக்கு விலை, விருதும் பறிபோயிற்று. தஞ்சை மாவட்டம் தம்பிக்கோட்டையில் பிறந்து, ஐ.என்.ஏ.வில் பயிற்சியாளராக இருந்து, பின்பு மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத் தலைவரான எஸ். ஏ. கணபதியைத் துப்பாக்கி வைத்திருந்த குற்றத்துக்காக 1949 மே 4 அன்று தூக்கிலிட்டார்கள். இந்திய அரசு கேட்டுப் பார்த்தும் பயனில்லை.

சுதந்திர இந்தியாவில் ஐ.என்.ஏ. வீரர்களை ராணுவத்தில் திரும்பச் சேர்க்கவில்லை. 1972-ல் வெள்ளி விழாவை ஒட்டித் தியாகிகள் பென்ஷன் வந்தபோது அவர்களுக்கும் இடம் கிடைத்தது. பைல் பார்த்துப் பழகியவர்களுக்கு இந்த விதிகளில் ஒரு விசித்திரம் புலப்படும். சிறை சென்றவருக்குச் சிறைச் சான்றிதழ் உண்டு; சான்றிதழ் கிடைக்காவிட்டால் கூட இருந்த கைதி சாட்சி சொல்லலாம். தலைமறைவாக இருந்தவரும் பென்ஷன் கேட்கலாம். ஆனால் ஆறு மாதத்துக்கு மேல் தலைமறைவாக இருந்திருக்க வேண்டும். அவர் தலைக்குச் சர்க்கார் விலை வைத்திருக்க வேண்டும், அல்லது தேடப்படும் குற்றவாளி என்று அறிவித்திருக்க வேண்டும், அல்லது கைது உத்தரவு பிறப்பித்து அது அவர் கைக்குச் சேராமல் போயிருக்க வேண்டும். அருணா ஆசப் அலிக்கு ஐயாயிரம் ரூபாய் விலை வைத்தார்கள். அப்படிப்பட்டவர்களுக்குக் காகிதம் இருக்கிறது. எவர் கண்ணிலும் படாமல், எந்தப் போலீஸ் பதிவேட்டிலும் ஏறாமல், வேலையைக் கச்சிதமாக முடித்தவருக்கு எந்த ஆபீஸ் சான்றிதழ் கொடுக்கும்? எதிரி எழுதி வைத்தால்தான் தியாகி என்று ஆகிறது. பப்பானுக்கு இரவில் மருந்து கொண்டுபோன ஆட்களின் பெயர்கள் எந்தப் பட்டியலிலும் இல்லை. பட்டியலில் இல்லாததால்தான் அவர்கள் உயிர் பிழைத்தார்கள்.

சிபிலின் பெயர் பட்டியலில் ஏறியது. 1945-ல் சிறையிலிருந்து தூக்கி வரப்பட்டவரை வைத்தியத்துக்காகப் பிரிட்டனுக்கு விமானத்தில் அனுப்பினார்கள். ஜார்ஜ் மெடல் கொடுத்தார்கள். அங்கே இருந்தபடியே நடந்ததையெல்லாம் எழுதினார்; அது 1954-ல் புத்தகமாக வந்தது. அச்சில் பார்க்க அவர் இல்லை. ஜப்பானிய பூட்ஸ் காலால் தாடையில் உதைபட்ட பழைய காயம் சீழ் பிடித்து, ரத்தத்தில் விஷம் ஏறி, 1948 ஜூன் 12 அன்று ஸ்காட்லாந்தில் லானார்க் என்ற ஊரில் இறந்தார். வயது நாற்பத்தெட்டு. அங்கேயே அடக்கம் செய்தார்கள். அடுத்த ஆண்டு உடலைத் தோண்டி எடுத்துக் கப்பலில் மலாயாவுக்குக் கொண்டுவந்து, ஈப்போ செயின்ட் மைக்கேல் தேவாலயக் கல்லறையில் புதைத்தார்கள். ஈப்போவின் ஃபேர் பார்க் பகுதியில் ஒரு வீதிக்கு அவர் பெயர் இருக்கிறது. பப்பான் 74-ஆம் எண் வீடு நினைவுக் கூடமாகப் பாதுகாக்கப்பட்டுள்ளது.